உப்புமாவுக்குப் போட்ட கையெழுத்து

போன வாரம் உங்கள் பயிற்சி அறைக்கு வந்திருந்தபோது மேசைமேல் கிடந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். இதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமை கிடையாதுதான், ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான வாராந்திரக் குடும்ப உணவுத் திட்டம். மொத்தம் இருபது வீடுகள். கடைசிக் கட்டத்தில், ‘வீட்டுப் பெரியவர் ஒப்புதல்’ என்ற இடத்தில், இருபது வீட்டுப் பெரியவர்களும் ஒரே பேனாவால் ஒரே சாய்வில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது யார் வேலை என்று நான் சொல்லப் போவதில்லை. இதைப் படிக்கும்போது அந்தப் பெண்ணுக்கே காது சுடும்.

எனக்குக் கோபமில்லை. கோபப்படும் யோக்கியதையும் இல்லை. அந்தக் கட்டம் பிறந்ததே ஒரு பொய்யில்தான், அந்தப் பொய்யைச் சொன்னவளும் நான்தான். எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் கையெழுத்தை யார் போடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து நான்கு வயது. மனையியல் படித்து முடித்து, குடும்ப உணவு ஆலோசகர் வேலையில் சேர்ந்ததும் திருவண்ணாமலைக்குப் போட்டார்கள். பெண்கள் விடுதியில் ஓர் அறை, மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. முருங்கைக்கீரையில் எவ்வளவு இரும்புச்சத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கீரையை உருவி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் விழிப்பேன். இப்படிப்பட்டவளைத்தான் ஊரிலுள்ள தாய்மார்களுக்குச் சமையல் திட்டம் போட்டுக் கொடுக்க அனுப்பினார்கள்.

முதலில் எனக்குக் கிடைத்தது தேரடிப் பக்கமிருந்த ஒரு சிறிய தனியார் பள்ளி. இன்று அது இல்லை. எட்டு ஆசிரியைகள், எட்டுப் பேருமே பிள்ளை பெற்றவர்கள். காலையில் ஆக்கி, ஊட்டி, கட்டிக்கொண்டு ஓடி வருபவர்கள். அவர்களில் மூன்றாம் வகுப்பு சரோஜா டீச்சர் தற்காலிக வேலையில் இருந்தவள். வேங்கிக்காலிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது பிரார்த்தனை மணி அடித்த பிறகுதான் கேட்டுக்குள் நுழைவாள்.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் என்னை உட்கார வைத்து நேராகவே சொன்னார்.

“உன் திட்டத்தால நேரம் மிச்சமாகும்னு சொல்ற. நல்லது. சரோஜாவுக்கு ஒரு மாசம் டைம் தரேன். அதுல ஒரு நாள் லேட்டானா மன்னிச்சிடுவேன். ரெண்டாவது நாள் லேட்டானா வேற டீச்சரைப் பாத்துக்குவேன். மாசம் முழுக்க ஒழுங்கா வந்தா நிரந்தரம்.”

“ஒரு நாள்கூட லேட்டாகாதுங்க,” என்று நான் அடித்துச் சொன்னேன். இருபத்து நான்கு வயதில் எதையும் அடித்துச் சொல்லலாம்.

வெளியே வந்ததும் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடம், வீட்ல நான் சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. அந்த க்ளாஸ் ரூம்ல மட்டும்தான் நாப்பது பேர் கேக்கறாங்க. அதை எப்படியாவது காப்பாத்திக் குடுங்க,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

நான் விடுதிக்குப் போய், கலர் பென்சில்களைச் சீவிக்கொண்டு, ஏழு நாளுக்கு ஓர் அட்டவணை வரைந்தேன். திங்கள் முருங்கைக்கீரை, செவ்வாய் முட்டை, புதன் அடை என்று போகும். ஓரத்தில் ஒரு தக்காளிப் படம்கூட உண்டு. கார்பன் வைத்து எட்டுப் பிரதி எடுத்து எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். எட்டும் ஒரே அட்டவணை. இந்த இடத்தில் உங்களில் யாராவது சிரித்தால், நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரி.

ஆசிரியைகள் அறையில் மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ஒவ்வொருத்தி டப்பாவும் ஒரு சுற்று வரும். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்களுக்கு, இன்றைக்கு யார் டப்பாவில் என்ன இருக்கும் என்பதுதான் அன்றைய ஒரே சந்தோஷம். அந்தத் திங்கட்கிழமை நானும் ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். முதல் டப்பா திறந்தது, முருங்கைக்கீரை. இரண்டாவது, முருங்கைக்கீரை. எட்டாவது டப்பாவும் முருங்கைக்கீரை.

கணக்கு எடுக்கும் மெஹருன்னிசா டீச்சர்தான் வாயைத் திறந்தார். “ஏம்மா, நம்ம எட்டுப் பேருக்கும் ஒரே மாமியாரா?”

மறுநாள் செவ்வாய், முட்டை. அன்றைக்குக் கிருத்திகை. நான் படித்த ஊட்டச்சத்துப் புத்தகத்தில் கிருத்திகை இல்லை. ஏழு பேர் டப்பாவில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மெஹர் டீச்சர் மட்டும் எட்டு முட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தார்.

“உங்க பேரை நான் ஒருத்திதான் காப்பாத்தினேன் மேடம். ஆனா பங்கு போட்டுக்க ஆளில்ல,” என்று எனக்கு நான்கு முட்டையைத் தள்ளினார். மானம் போனாலும் நான்கையும் சாப்பிட்டேன்.

இத்தனைக்கும் அவர்கள் நிரப்பிக் கொடுத்த தாளில் ‘திட்டப்படி சமைத்தோம்’ என்றே எல்லோரும் எழுதியிருந்தார்கள். சின்னப் பெண், பாவம், மனசு நோகும் என்று. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தாளில் வரும் பதில்களில் பாதி நம்மேல் உள்ள பரிதாபம்.

புதன்கிழமை சரோஜா லேட். பெரிய டீச்சர் மன்னிப்பதாகச் சொன்ன அந்த ஒரு நாள், மூன்றாவது நாளிலேயே தீர்ந்துபோனது. என்ன ஆயிற்று என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “பஸ்ஸு கூட்டம் மேடம்,” என்றாள். அவள் நகர்ந்ததும் மெஹர் டீச்சர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“பஸ்ஸும் இல்ல, கூட்டமும் இல்ல. அடைக்கு ஊற வெச்சு, ஆட்டுக்கல்லுல அரைச்சு, ஒவ்வொண்ணா சுட்டு முடிக்கறதுக்குள்ள மணி எட்டே முக்கா. நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களேனு தட்டாம செஞ்சிருக்கா. உங்க சார்ட்டு ரொம்ப நல்லா இருக்கு மேடம், செவுத்துல ஒட்ட. சரோஜா வேலை போச்சுன்னா அது உங்க அடையாலதான் போகும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பாற்றிக் கொடு என்று கேட்டவளின் காலை நானே வாரிவிட்டிருந்தேன். நேராக என் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நீ எந்த வீட்டு அடுப்படியையாவது காலையில பாத்திருக்கியா?” என்றார். இல்லை என்றேன். “போய்ப் பாரு. வாயைத் திறக்காத,” என்றார். என் முப்பது வருஷப் பயிற்சி அந்த இரண்டு வாக்கியம்தான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு சரோஜா வீட்டு அடுப்படியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மாமியார் பச்சையம்மாள், புருஷன் ஏழுமலை, இரண்டு பெண் குழந்தைகள். ஏழுமலைக்கு அரிசி மில்லில் வேலை. சரோஜா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்ததும் முதல் வேலையாக மாமியாரிடம் கேட்டாள்.

“அத்த, இன்னிக்கு இன்னா செய்யறது?”

“உன் இஷ்டம்.”

புருஷனிடம் கேட்டாள். “எதுனா செய்யேன். எனக்கு இன்னா,” என்றான். பாவம், எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரோஜா சாம்பார் வைத்தாள். ஆறே முக்காலுக்கு அது கொதித்து இறங்கியது. பச்சையம்மாள் எட்டிப் பார்த்தார். “சாம்பாரா? எனக்கு வாயு புடிச்சுக்கும். பரவால்ல, நான் வெறும் மோரை ஊத்திக்கறேன்.” அந்தப் பரவாயில்லைக்காக ஒரு மிளகு ரசம். ரசம் நுரை கட்டும்போது ஏழுமலை பல் விளக்கிவிட்டு வந்தான். “நேத்தும் சாம்பாருதானே? கொஞ்சம் காரக்குழம்பு வெச்சுடேன், அஞ்சு நிமிஷம்.” அந்த ஐந்து நிமிஷம் அரை மணி. நடுவில் பெரிய பெண்ணுக்குத் தோசை, சின்னவளுக்குத் தோசை வேண்டாம்.

உட்கார்ந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துபோனது. அந்த வீட்டில் குறைந்தது காய்கறியுமில்லை, சத்துமில்லை. தினமும் காலையில் மூன்று சமையல் நடந்துகொண்டிருந்தது. முதல் சமையல், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்று மற்றவர்கள் பார்ப்பதற்காக. ‘உன் இஷ்டம்’ என்ற சொல்லைப் போல நேரத்தைத் தின்னும் சொல் தமிழில் வேறு கிடையாது. என் ஏழு நாள் அட்டவணையோ யாரிடமும் கேட்காமல் விடுதியில் வரைந்தது. அந்த வீட்டில் அதற்கு ஆதரவாக நிற்க ஒருத்தரும் இல்லை.

வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எட்டரை மணி வரை மூடித்தான் வைத்திருந்தேன். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதும் தாங்கவில்லை. பையிலிருந்த அட்டவணையை எடுத்து, அளவுகோல்கூட இல்லாமல், கடைசியில் கோணலாக ஒரு கட்டம் போட்டேன். அதன் தலையில் ‘வீட்டுப் பெரியவர் ஒப்புதல்’ என்று எழுதினேன்.

“அம்மா, சொல்ல மறந்துட்டேன். இது கவர்மென்ட்டு தாளு. இந்த வீட்டுப் பெரியவங்க கையெழுத்து இல்லாம ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க. ஒருதரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் யாராலயும் மாத்தவும் முடியாது,” என்றேன்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். “யாராலயுமா?”

“யாராலயும்.”

“என் பையனால?”

“கலெக்டராலயே முடியாதும்மா.” பொய் என்று ஆனபிறகு கஞ்சத்தனம் எதற்கு?

“நான் ஒண்ணும் கைநாட்டு இல்ல. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ,” என்று மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்த்தார். நான் எதிர்பார்க்காதது அதுதான். “யாரும்மா எழுதுனது இதை? கிருத்திகையில முட்டை. அம்மாவாசையில வெங்காயம். புதன்கிழமை அடையாம், எவ அரைக்கிறது?” என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். முடித்தபோது அந்த அட்டவணையில் என்னுடையது என்று மிஞ்சியது கிழமைகளின் பெயர்களும் அந்தத் தக்காளியும்தான்.

அன்று சாயங்காலத்திலிருந்து விளக்கு வைத்ததும் பச்சையம்மாள் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று சரோஜா வந்து சொன்னாள். நாளைக்கு என்ன என்று எழுதி, கீழே கையெழுத்து. எழுதியதற்கு ஏற்றபடி காயை நறுக்குவதும், புளியை ஊறவைப்பதும், மறுநாளுக்குப் பொடி இடிப்பதும் அவரே. தன் பெயரில் எழுதிய சமையல் கெட்டுப்போக விடுவாரா? காலையில் ஏழுமலை வழக்கம்போல் “கொஞ்சம் காரக்குழம்பு” என்று ஆரம்பித்தால், “எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சுடா. கவர்மென்ட்டு சமாச்சாரம், மாத்தக் கூடாது,” என்று அடக்கிவிடுவாராம். ஒரு வாரத்தில் ஏழுமலை வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். மில்லில் போய், எங்கள் வீட்டுச் சாப்பாடு அரசாங்கத்துக்குப் போய் வருகிறது என்று பெருமையாகச் சொன்னதாகவும் கேள்வி.

சரோஜா தினமும் எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடித்தாள். ஆனால் அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கிறதே, அதற்கு முந்தின நாள் பௌர்ணமி.

மனசு கேட்காமல் அன்று காலை நானும் வேங்கிக்காலுக்குப் போயிருந்தேன். ஆறரை மணி. சரோஜா அப்போதுதான் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். வாசலில் ஆரவாரம். பச்சையம்மாளின் அண்ணன், கீழ்பென்னாத்தூர்க்காரர், குடும்பத்தோடு மலை சுற்றி முடித்துவிட்டு நேராகத் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். மொத்தம் ஏழு பேர். காலெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் பசி. ஊருக்குப் போகும் திண்டிவனம் பஸ் பத்தரைக்குத்தானாம், அதுவரை இங்கேதான்.

“சரோஜா, இன்னம்மா டிபன்? நேத்து சாயங்காலத்துலேந்து பச்சத்தண்ணி குடிக்கல. இட்லி, வடை, கொஞ்சம் சட்னி, அது போதும். நாங்க ஜாஸ்தி எதிர்பாக்கற ஆளுங்க இல்ல,” என்றார் அண்ணன்.

சரோஜா என்னைப் பார்த்தாள். வடைக்கு உளுந்து ஊறவைத்தால் எட்டு நாற்பது பஸ் கிடையாது. பஸ் போனால் வேலை கிடையாது. புருஷன் வீட்டு விருந்தாளியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டில் அவளுக்கு மரியாதை கிடையாது. வாயைத் திறந்து அவரிடம் நானே சொல்லிவிடலாமா என்று துடித்தேன். சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஊர் பேர் தெரியாத பெண் ஒருத்தி விருந்தாளியை எதிர்த்துப் பேசினாள் என்று அந்தப் பழியும் சரோஜா தலையில்தான் விழுந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

பச்சையம்மாள் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆணியில் தொங்கிய தாளை எடுத்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“வெள்ளிக்கிழமை. உப்புமா. படிச்சுக்கோ.”

“உப்புமாவா? கூடப்பொறந்தவனுக்கா?”

“கூடப்பொறந்தவனாச்சேனுதான் உப்புமா, இல்லனா வெறும் காபிதான். நேத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், மாத்தினா கவர்மென்ட்டுல கேள்வி வரும். நீ வந்து பதில் சொல்றியா?”

ஏழுமலை பின்னாலிருந்து பயபக்தியோடு தலையாட்டினான். “ஆமா மாமா. கலெக்டராலயே முடியாதாம்.”

அடுப்படி மூலையில் ஒரு பெரிய டப்பா இருந்தது. பச்சையம்மாள் திறந்தார். இரண்டு படி ரவை, முந்தின நாளே பொன்னிறமாக வறுத்து வைத்தது. பக்கத்தில் நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி. “பௌர்ணமிக்கு மறுநா எங்கண்ணன் வராம இருந்தாதான் அதிசயம்,” என்று என் காதில் சொல்லிவிட்டு, தானே அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். “நீ டப்பாவைக் கட்டிக்கினு கெளம்புடி. தயிர் சாதம் கலந்து வெச்சிருக்கேன்,” என்றார் மருமகளிடம்.

பன்னிரண்டு பேருக்கு உப்புமா இருபது நிமிஷத்தில் ஆனது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டார். சரோஜா பிரார்த்தனை மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே கேட்டுக்குள் நுழைந்து, மெஹர் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அடுத்த திங்கட்கிழமை பெரிய டீச்சர் நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். பிறகு அந்த எட்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், அந்தந்த வீட்டுப் பெரியவரை வைத்துத் திட்டம் எழுதினேன். மதிய வட்டத்தில் மறுபடி எட்டு டப்பாவிலும் எட்டு விதம். என் மேலதிகாரி அந்தக் கோணல் கட்டத்தைப் பார்த்து, “இது எங்கிருந்து வந்தது?” என்றார். உண்மையைச் சொன்னேன். அளவுகோலை எடுத்து நீட்டினார். அடுத்த முறை படிவம் அச்சானபோது அந்தக் கட்டமும் அதில் இருந்தது.

அவரிடம் உண்மையைச் சொன்னேன், பச்சையம்மாளிடம் சொல்லவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. மாற்றலாகி வேறு ஊர் போகுமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். “அம்மா, அன்னிக்கு நான் ஒரு பொய் சொன்னேன். அந்தத் தாளு...” என்று தொடங்கினேன்.

“தெரியும்,” என்றார், முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே. “கவர்மென்ட்டு காயிதம்னா சீல் இருக்காது? கோடு கூட நேரா இல்ல. என் கண்ணு முன்னாலதானே அந்தக் கட்டத்தைப் போட்ட, நான் பாத்துக்கினுதானே இருந்தேன்.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“கண்ணாலம் ஆன நாள்லேந்து ஆக்கிக்கினு இருக்கேன். மொதல்ல மாமனாரு சொன்னதை ஆக்குனேன். அப்புறம் வூட்டுக்காரரு சொன்னது, அப்புறம் புள்ள சொன்னது. சரோஜா தெனம் வந்து கேப்பா. நான் ஒண்ணு சொல்லுவேன், அவன் வந்து மாத்திடுவான். அதான் உன் இஷ்டம்னு சொல்லிப் பழகிட்டேன். நீ வந்து, நான் எழுதுனா யாராலயும் மாத்த முடியாதுனு சொன்ன. பொய்யா இருந்தா இன்னாம்மா? நல்லா இருந்துச்சு.”

அந்த வீட்டின் கொடுமைக்கார மாமியார் என்று மூன்று மணி நேரத்தில் நான் முடிவு கட்டியவர் அவர். போகும்போது ஒரு டப்பா கொடுத்தார். பஸ்ஸில் திறந்து பார்த்தேன். அடை.

ஆகவே, இருபது கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்ட பெண்ணே, நாளைக்கு அந்த இருபது வீட்டுக்கும் திரும்பப் போ. பேனாவை அவர்கள் கையில் கொடு. கண்ணாடியைத் தேடி எடுக்க நேரமாகும், பெயரை எழுதி முடிக்க இன்னும் நேரமாகும். உன் பஸ் போனால் போகட்டும்.